மங்கலான திரையும் மறைந்த புள்ளியும்



நம் இல்லங்கள் பலவற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணிப்பொறி ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் பாடங்களுக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கோ மகளுக்கோ மடல் அனுப்புவதற்கும், வீட்டுக் கணக்கை எழுதி வைப்பதற்கும் அதுவே போதுமானதாக இருந்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான பராமரிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, பழைய இயந்திரங்கள் பலவற்றை ஏற்பதில்லை. ஓடுகிற வண்டியை ஓரங்கட்ட மனமின்றி, குடும்பங்கள் பல அந்தப் பழைய கணிப்பொறியிலேயே எளிய லினக்ஸ் வகை ஒன்றைப் பொருத்திக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, சுபுண்டு, லுபுண்டு என்பன அவற்றுள் சில. குறைந்த நினைவகத்திலும் தளர்வின்றி ஓடுபவை. விலை கொடுத்து வாங்க வேண்டியவையும் அல்ல.

இதுவரை நன்று. ஆனால் அதன் பிறகு முறையீடு ஒன்று எழுகிறது. “வேகம் சரியாகிவிட்டது, ஆனால் எழுத்துகள் பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் தெரிகின்றன. புகைப்படத்தில் முகங்கள் எல்லாம் அகன்று போயின. அப்பாவால் ஐந்து நிமிடம்கூட அமர்ந்து படிக்க முடியவில்லை” என்கிறார்கள். மானிட்டர் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியது வாங்கச் சில ஆயிரங்களைத் தேடும் குடும்பங்களும் உண்டு. பார்வையில் ஐயம் இருந்தால் கண் மருத்துவரைக் காண்பது முறையே. அதை நாம் தடுக்கமாட்டோம். எனினும் இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் மானிட்டர் கெட்டிருப்பதில்லை. ஓர் அமைப்பு மட்டுமே இடம் மாறி நிற்கிறது. அதனை இம்மாதம் சற்று விரிவாகவே காண்போம்.

இன்று நாம் பயன்படுத்தும் தட்டைத் திரை, பழைய குழாய்த் திரையைப் போன்றதன்று. குழாய்த் திரையில் மின்கற்றை ஒன்று ஓடி ஓடிப் படம் வரைந்தது. ஆதலால் எத்தனை வரிகளில் வரையச் சொன்னாலும் ஓரளவு நன்றாகவே வரைந்து காட்டிற்று. தட்டைத் திரையோ தறியில் நெய்த துணி போன்றது. பாவு இத்தனை, ஊடு இத்தனை என்று ஆலையிலேயே எண்ணி முடித்துவிடுகிறார்கள். பத்தாண்டுகளுக்கு முந்திய மடிக்கணினிகள் பலவற்றின் திரை, அகலத்தில் 1366, உயரத்தில் 768 என்ற கணக்கில் படப்புள்ளிகள் பதிக்கப்பெற்றது. பெருக்கிப் பார்த்தால் 10,49,088 புள்ளிகள். அவற்றைக் கூட்டவும் இயலாது, குறைக்கவும் இயலாது.

இந்தத் திரைக்கு 1024-க்கு 768 என்ற அளவில் ஒரு படத்தை அனுப்பினால் என்ன நேரும்? பதினைந்து புள்ளிக் கோலத்தை, ஏற்கெனவே இருபது புள்ளி வைத்துவிட்ட வாசலில் போட முயல்வது போன்றதே அது. நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டுவதில்லை. ஒரு புள்ளியின் வேலையை ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் ஆன புள்ளிகள் செய்ய வேண்டும். மூன்றில் ஒரு பங்குப் புள்ளி என்று திரையில் ஒன்று கிடையாது. ஆகவே அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து ஒருவாறு சமாளிக்கிறது இயந்திரம். கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிறது; நாம் காணும் பனிமூட்டம் அந்தச் சாம்பல்தான். அகலம் மட்டும் நீட்டப்படுவதால் வட்டம் முட்டையாகிறது, முகம் அகன்றுவிடுகிறது.

ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்து தாங்குவதில்லை. ‘பல்’ என்பதற்கும் ‘பல’ என்பதற்கும் இடையே உள்ளது ஒரே ஒரு புள்ளி. ‘மனம்’, ‘மணம்’ ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு சுழி. வழக்கமான அளவில் தோன்றும் தமிழ் எழுத்தின் தலைமேல் உள்ள புள்ளிக்குத் திரையில் கிடைக்கும் இடம் ஒன்றிரண்டு படப்புள்ளிகள்தாம். அது சாம்பலில் கரைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாக மாறிவிடுகிறது. பெரியவர்கள் பழக்கத்தால் ஊகித்துப் படித்துவிடுவர். இப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் குழந்தைக்கு ஊகிக்க வழியில்லை. கண்ணில் பட்ட வடிவத்தையே சரியென்று கொள்ளும். இதை ஏதோ சிறு வசதிக்குறைவு என்று பெற்றோர் தள்ளிவிடலாகாது என்று நாம் கூறுவது இதனாலேயே.

இனி, இந்த அமைப்பு எவ்வாறு இடம் மாறுகிறது என்று பார்ப்போம். வியப்பு என்னவெனில், பெரும்பாலும் அது அன்பினால் விளைகிறது. எழுத்து மிகச் சிறியது என்று தந்தை குறைபடுகிறார். மகன் அமைப்புகளைத் திறந்து, 1366 என்பதை 1024 ஆக்கிவிடுகிறான். எழுத்துப் பெரிதாகிறது, தந்தைக்கும் அன்று மகிழ்ச்சி. ஒரு வாரம் சென்றபின் கண் எரிச்சல், நெற்றி வலி என்கிறார். காரணம் எவருக்கும் தோன்றுவதில்லை. மற்றொரு வழி, படவீழ்த்தி. பங்கு மன்றத்திலோ பள்ளியிலோ ஒரு நிகழ்ச்சிக்காக மடிக்கணினியைப் படவீழ்த்தியோடு இணைக்கிறோம். அவற்றுள் பல 1024-க்கு 768 என்ற அளவின. இரண்டிலும் ஒரே படம் தோன்ற வேண்டுமானால், இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவுக்கு இறங்கிவர வேண்டியிருக்கிறது. நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பிய பின்னும் அந்த அளவே தங்கிவிடுவதுண்டு.

திருத்தும் முறை எளிது. எக்ஸ்எஃப்சிஇ உள்ள கணிப்பொறியில் பட்டியலைத் திறந்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘டிஸ்பிளே’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ரெசல்யூஷன்’ என்ற இடத்தில் அளவுகள் வரிசையாக நிற்கும். 2020 டிசம்பரில் வெளியான எக்ஸ்எஃப்சிஇ 4.16 முதற்கொண்டு, திரைக்கே உரிய அளவின் அருகில் ஒரு நட்சத்திரக் குறி இடப்பட்டிருக்கிறது. அதைத் தேர்ந்து ‘அப்ளை’ என்பதை அழுத்துங்கள். குறி இல்லாத பழைய பதிப்பானால், வரிசையில் உள்ளவற்றுள் பெரியதே பெரும்பாலும் உரிய அளவாக இருக்கும். லுபுண்டுவில் இதே வேலைக்கு ‘மானிட்டர் செட்டிங்ஸ்’ என்ற பகுதி உண்டு; அங்கே ‘அப்ளை’ மட்டும் போதாது, ‘சேவ்’ என்பதையும் அழுத்தினால்தான் மறுநாளும் நிலைக்கும். ‘ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதில் 60 அல்லது அதை ஒட்டிய எண் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். குழாய்த் திரை சிமிட்டாதிருக்க 75, 85 என்று ஏற்றிய காலம் உண்டு. வீட்டுத் தட்டைத் திரைக்கு அத்தேவை இல்லை.

‘அப்ளை’ அழுத்தியதும், புதிய அமைப்பை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எக்ஸ்எஃப்சிஇ பத்து விநாடி காத்திருக்கும். விடை வராவிடில், தானே பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே திரை கறுத்துப்போனால் பதற வேண்டாம். எதையும் தொடாமல் பத்துவரை எண்ணுங்கள். பதற்றத்தில் கையில் பட்ட விசைகளைத் தட்டினால், கெட்ட அமைப்புக்கே இசைவு கொடுத்ததாகிவிடக்கூடும்.

இந்தப் பத்து விநாடிப் பாதுகாப்பை இளைய தலைமுறை எளிதாக எண்ணிவிடுகிறது. லினக்ஸில் படம் காட்டும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவரும் எக்ஸ் என்னும் ஏற்பாடு, 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. பல ஆண்டுகள்வரை, திரையின் எண்களை ஒரு கோப்பில் கையால் எழுதி, எல்லாவற்றையும் நிறுத்தி மீண்டும் தொடங்கித்தான் புதிய அளவைப் பெற வேண்டியிருந்தது. தவறான எண் குழாய்த் திரையையே கெடுத்துவிடும் என்று அக்காலக் கையேடுகள் எச்சரித்தன. ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் அளவை மாற்றவும் படத்தைத் திருப்பவும் உதவும் விரிவாக்கம் ஒன்றைக் கீத் பாக்கார்டும் ஜிம் கெட்டிஸும் 2001-இல் விளக்கி ஆய்வுரை அளித்தனர். ‘டிஸ்பிளே’ பலகணியில் நாம் அழுத்தும் ‘அப்ளை’யின் பின்னே நின்று உழைப்பது அவர்கள் வகுத்த முறையே.

நிற்க. திரை இப்போது தெளிந்துவிட்டது; ஆனால் எழுத்து மீண்டும் சிறிதாகிவிட்டது. அப்பாவின் கண்ணுக்கு என்ன வழி? எழுத்தைப் பெரிதாக்குவதே வழி; திரையின் அளவைத் தொடுவதன்று.

‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘அப்பியரன்ஸ்’ என்பதைத் திறந்து, ‘ஃபான்ட்ஸ்’ என்ற ஏட்டைப் பாருங்கள். அங்கே ‘கஸ்டம் டி.பி.ஐ. செட்டிங்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை படப்புள்ளிகள் என்ற கணக்கு அது. வழக்கமாக 96 என்று இருக்கும். அதை 120 ஆக்கினால் எழுத்துகள் கால் பங்கு பெரிதாகும். 144 ஆக்கினால் ஒன்றரை மடங்காகும். இங்கே எழுத்து இழுத்துப் பெரிதாக்கப்படுவதில்லை. கணிப்பொறியின் எழுத்து, அச்சுக்கூடத்து ஈய எழுத்தைப் போல ஒரே அளவில் வார்த்ததன்று. வளைகோடுகளின் கணக்கு அது. எந்த அளவு கேட்டாலும் அந்த அளவுக்குப் புதிதாக வரைந்து கொடுக்கும். புள்ளி புள்ளியாகவும், சுழி சுழியாகவும் நிற்கும். அதே ஏட்டில் ‘ஆன்ட்டி அலையாசிங்’ என்பது இயங்கும் நிலையில் இருக்கட்டும். ‘ஹின்ட்டிங்’ என்பதற்கு ‘ஸ்லைட்’ என்ற மென்மையான நிலை தமிழுக்கு ஒத்துவருகிறது என்பது நம் கருத்து.

ஒரேயடியாக 144-க்குத் தாவ வேண்டாம். 768 வரிகளே உயரமுள்ள திரையில் எழுத்து மிகப் பெரிதானால், சில பலகணிகளின் அடியில் உள்ள ‘ஓகே’ பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும். அப்படி நேர்ந்தால் ‘ஆல்ட்’ விசையை அழுத்திக்கொண்டு, பலகணியின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். 108, பிறகு 120 என்று படிப்படியாக ஏற்றிப் பார்த்து, படிப்பவரையே கேட்டு முடிவு செய்வது நலம். பதினைந்தரை அங்குலத்தை ஒட்டிய திரையில் அகலத்துக்கு 1920 புள்ளிகள் கொண்ட மடிக்கணினிகள் சில வீடுகளில் உள்ளன. அவற்றில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 புள்ளிகள் அடங்கும். 96 என்ற கணக்கில் வரையும் எழுத்து, எண்ணிய அளவில் மூன்றில் இரு பங்காகச் சுருங்கித்தான் அங்கே தோன்றும். அங்கே 120-ஐத் தாண்டிப் போவது ஆடம்பரமன்று, தேவை.

‘டிஸ்பிளே’ பலகணியிலேயே ‘ஸ்கேல்’ என்று இன்னொன்று இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாகாதா என்று கேட்கலாம். பாதியும் காலுமான அளவுகளுக்கு அது முழுப் படத்தையும் நீட்டிச் சுருக்குகிறது. நாம் முன்பு கண்ட சாம்பல் மீண்டும் வந்துவிடும். அதைத் தவிர்ப்பதே நன்று. இணையப் பக்கங்களுக்கு மட்டும் பெரிய எழுத்து வேண்டுமாயின், ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளில் உள்ள பொதுவான உருப்பெருக்கத்தை 120 அல்லது 133 விழுக்காடாக வைத்துவிடலாம். இன்னும் ஒன்று: எக்ஸ்எஃப்சிஇ-யில் ‘ஆல்ட்’ விசையோடு மவுஸின் சக்கரத்தை உருட்டினால், உருப்பெருக்கக் கண்ணாடி பிடித்ததுபோல் முழுத் திரையும் பெரிதாகும். இதை அறியாமல் தற்செயலாக உருட்டிவிட்டுத் திரை போயிற்று என்று கலங்குவோரும் உண்டு. எதிர்ப்புறம் உருட்டினால் பழையபடி ஆகிவிடும்.

இங்கேதான் குடும்பத்துக்குள் ஒரு வழக்கு எழுகிறது. தாத்தாவுக்குப் பெரிய எழுத்து வேண்டும்; பேரனுக்கு ஒரு பக்கம் முழுவதும் திரையில் தெரிய வேண்டும். மாலையில் ஒருவர் ஏற்றுகிறார், இரவில் மற்றவர் இறக்குகிறார். நம் வீடுகளில் எல்லாரும் ஒரே பெயரில் நுழைவதே வழக்கமாக இருப்பதால் வரும் வினை இது. லினக்ஸில் இந்த அமைப்புகள் இயந்திரத்துக்கு உரியவை அல்ல, நுழைகிறவருக்கு உரியவை. தாத்தாவுக்கென்று தனிப் பெயரும், நினைவில் நிற்கும் ஓர் எளிய கடவுச்சொல்லும் அமைத்துக் கொடுங்கள். அவர் நுழையும்போது அவருடைய எழுத்து, பேரன் நுழையும்போது அவனுடைய எழுத்து. இதில் இன்னொரு பயனும் உண்டு. ஒருவர் பெயரில் திரை சீர்குலைந்தால் மற்றவர் பெயரில் நுழைந்து பாருங்கள். அங்கே படம் சரியாக இருந்தால் இயந்திரத்தில் பழுதில்லை என்று தெளியலாம். கடைக்குத் தூக்கிச் செல்லும் அலைச்சல் மிச்சம்.

சில வீடுகளில் உரிய அளவு வரிசையிலேயே இருப்பதில்லை. 1024-க்கு மேல் ஒன்றும் காணோம் என்பார்கள். பெரும்பாலும் மேசைக் கணிப்பொறியில், தனி மானிட்டரை நீலத் தலையுள்ள பதினைந்து ஊசி வி.ஜி.ஏ. கம்பியால் இணைத்திருக்கும் இடத்தில் இது நேரும். மானிட்டர் தன் அளவுகளைத் தானே கணிப்பொறிக்குச் சொல்லும் முறை 1994-இல் வகுக்கப்பட்டது. அடையாளச் சீட்டு போன்ற 128 பைட் அளவுள்ள சிறு குறிப்பு அது. வி.ஜி.ஏ. கம்பியில் 12-ஆம் ஊசியும் 15-ஆம் ஊசியும் அக்குறிப்பைச் சுமக்கின்றன. மலிவான கம்பியில் அந்த ஊசிகள் இல்லாமலே இருக்கலாம். வளைந்தோ முறிந்தோ போயிருக்கலாம். அப்போது படம் வரும், அடையாளம் வராது. யார் வந்திருக்கிறார் என்று தெரியாத வீட்டுக்காரர் திண்ணையோடு நிறுத்துவதுபோல, கணிப்பொறி 1024-இல் நின்றுவிடுகிறது. எனவே மானிட்டரை மாற்றுமுன் கம்பியை மாற்றிப் பாருங்கள். இரண்டிலும் எச்.டி.எம்.ஐ. துளை இருந்தால் அக்கம்பியே மேல்.

கம்பியும் நன்றாக இருந்து அளவு மட்டும் வராவிட்டால், லினக்ஸைப் பொருத்திய நாளை நினைத்துப் பாருங்கள். அன்று திரை இருண்டு நின்றதால் பொருத்தியவர் ‘நோமோட்செட்’ என்ற சொல்லைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்திருக்கக்கூடும். அவசரத்துக்கு நல்ல மருந்து அது. ஆனால் அது இருக்கும்வரை, திரைக்குரிய இயக்கி முழுமையாக வேலை செய்யாது. அதனை நீக்கித் தரும்படி அவரையே கேளுங்கள்.

கட்டளைப் பலகணியைக் கண்டு அஞ்சாத இளைஞர்கள், எக்ஸ்ராண்டர் என்ற கட்டளையைத் தட்டிப் பார்க்கலாம். இணைந்துள்ள திரைகளையும் அவற்றின் அளவுகளையும் அது வரிசையாகக் காட்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: அதில் நட்சத்திரக் குறி இப்போது நடப்பில் உள்ள அளவைக் குறிக்கும், திரைக்கு உரிய அளவைக் காட்டுவது கூட்டல் குறி. மேலே சொன்ன பலகணியின் நட்சத்திரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. வரிசையில் இல்லாத அளவையும் இதே கட்டளையால் சேர்க்க இயலும். ஆயினும் அப்படிச் சேர்த்தது, கணிப்பொறியை அணைத்து எழுப்பினால் மறைந்துவிடும். தொடக்கத்தில் தானே இயங்கும்படி எழுதி வைத்தால்தான் நிலைக்கும். 1366-க்குக் கணக்குப் போடும் கருவி 1368 என்று விடை கூறினால் திகைக்க வேண்டாம். அது எட்டால் வகுபடும் எண்ணையே ஏற்கும். ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறி வைத்திருப்போருக்கு ஒரு சொல்: அதன் இயங்குதளம் 2023 முதல் வேலாண்ட் என்னும் புதிய ஏற்பாட்டுக்கு மாறத் தொடங்கியது, அங்கே எக்ஸ்ராண்டரால் திரையை மாற்ற இயலாது. பட்டியலில் உள்ள திரை அமைப்புப் பகுதியைத்தான் நாட வேண்டும்.

ஒளியைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளைத் தாள் ஒன்றைத் திரையின் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குப்போல் எரிந்தால் ஒளி மிகை. தாளைவிட மங்கினால் குறை. இரண்டும் ஒன்றுபோல் தெரியும்வரை மானிட்டரில் உள்ள பொத்தானாலோ, மடிக்கணினியின் ஒளி விசையாலோ சரிசெய்யுங்கள். எக்ஸ்ராண்டரிலும் ஒளியைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஆனால் அது நிறங்களைக் கறுக்கச் செய்வதேயன்றி உள்விளக்கைத் தணிப்பதன்று, மின்சாரமும் மிச்சமாகாது. இரவில் திரையைப் பொன்னிறமாக்கும் ரெட்ஷிஃப்ட் என்ற சிறு நிரலைச் சிலர் விரும்புகின்றனர். கண்ணுக்கு இதமாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். அது கண்ணைக் காக்கும் மருந்து என்று நம்புவது மிகை. கண் களைப்புக்கு முக்கியக் காரணம், திரையைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறப்பதே என்கிறது அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவில் உள்ள ஒன்றை, இருபது விநாடி பார்க்கும்படி அக்கழகம் அறிவுறுத்துகிறது. இருகுவியக் கண்ணாடி அணியும் பெரியவர்கள் கீழ்ப்பகுதி வழியே படிக்கத் தலையை நிமிர்த்திக்கொண்டே இருப்பார்கள். மாலையில் கழுத்து வலிக்கும். அவர்களுக்காக மானிட்டரை ஓரிரு அங்குலம் தாழ்த்தி வையுங்கள். அடியில் முட்டுக்கொடுத்த தடித்த புத்தகங்களை எடுத்துவிட்டாலே போதும்.

எல்லாம் சரியானபின், திரைக்குரிய அளவு, எழுத்துக்குரிய எண், யார் பெயரில் எது என்ற மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி மானிட்டரின் பின்புறம் ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.